மணிலாக்காரர் கடையில் மல்லாட்டைக் குழம்பு

கள்ளக்குறிச்சி மார்க்கெட் கமிட்டியில் அறுவடைக் காலத்தில் போய் நின்றால் காதில் விழுகிற சரக்குப் பெயர்கள் சில: மக்காச்சோளம், உளுந்து, எள், கம்பு, மணிலா. வேர்க்கடலைக்குத்தான் அங்கே மணிலா என்று பெயர். வீட்டுக்குள் வந்தால் அதுவே மல்லாட்டை. அவித்தும் வறுத்தும், துவையல் அரைத்தும், செக்கில் ஆட்டியும் அதைத் தின்று வளர்ந்தவர்கள் இந்த மாவட்டத்துக்காரர்கள். அந்தப் பெயருக்குச் சொந்தமான ஊரில் அதே மல்லாட்டையை வறுத்து அரைத்துக் குழம்பே வைக்கிறார்கள் என்பது இவர்களுக்குத் தெரிய வேண்டுமானால், முதலில் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்கிறது.

வெளியே சாப்பிடப் போவதென்றால் நம் ஊரில் வரிசை தெரிந்ததுதான். காலையில் இட்லி, பொங்கல். மதியம் மெஸ் சாப்பாடு அல்லது பிரியாணி. இருட்டினால் பரோட்டா, தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ். சில வருடங்களாக ஷவர்மாவும் சேர்ந்துகொண்டது. சீனா வந்துவிட்டது, அரபு நாடு வந்துவிட்டது, பிலிப்பைன்ஸ் மட்டும் வரவில்லை. துருகம் சாலையிலோ சேலம் சாலையிலோ அப்படி ஒரு பெயர்ப் பலகை என் கண்ணில் பட்டதில்லை.

கடை வராவிட்டால் என்ன, ஆட்கள் போயிருக்கிறார்களே. சிங்கப்பூர் கப்பல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள், துபாயிலும் ஷார்ஜாவிலும் கம்பெனி ரூமில் இருப்பவர்கள், டாக்டர் படிப்புக்காகப் பிலிப்பைன்ஸின் தாவாவ் நகரத்துக்கே போய்த் தங்கியிருக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் ஒரு பிலிப்பினோ சாப்பாட்டுக்கடை எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. பல பேர் வருடக்கணக்கில் அதன் வாசலைத் தாண்டி நடந்துவிட்டு, உள்ளே நுழையாமலே ஊர் திரும்புகிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, பன்றிக்கறி. இரண்டு, காரமே இருக்காது. முதலாவது பாதி உண்மை, இரண்டாவது முக்கால் உண்மை. ஆனாலும் அந்தக் கடையில் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர் யாரென்று என்னைக் கேட்டால், கள்ளக்குறிச்சிக்காரரைத்தான் சொல்வேன்.

கண்ணாடிக்குப் பின்னால் பத்துத் தட்டு

பிலிப்பினோ கடைகள் ஊர் ஊராகப் பரவியதற்குச் சமையல் புகழ் காரணமில்லை, வேலைதான் காரணம். 1974-ல் பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் ஆட்சி கொண்டுவந்த தொழிலாளர் சட்டம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. இன்று அந்த நாட்டிலிருந்து வெளியே போய் வேலை பார்ப்பவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நர்ஸ், வீட்டு வேலை, கப்பல் வேலை, ஹோட்டல் வேலை. அவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே சோறு போட ஒரு கடை முளைக்கும். சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் லக்கி பிளாசா கட்டடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் தெரியும். பணம் அனுப்பும் கடை, ஊருக்கு அட்டைப்பெட்டி அனுப்பும் கடை, நடுவே சாப்பாட்டுக்கடை. அதே நாள், அதே நேரம் தேக்காவில் நம்மவர்கள் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். துபாயில் கராமாவும் சத்வாவும் அப்படி. அங்கே நம் தோசைக்கடைக்கும் அவர்கள் கடைக்கும் நடந்து போகிற தூரம்தான்.

கடைக்குள் மெனு கார்டைத் தேடவே வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய தட்டுகளில் செய்து வைத்திருப்பார்கள், விரலால் காட்டினால் போதும். இந்த மாதிரிக் கடைக்குத் தூரோ-தூரோ என்றே பெயர். மொழி தெரியாதவருக்கு இதைவிட வசதி கிடையாது. ஒரு கரண்டி அது, ஒரு கரண்டி இது, பக்கத்தில் குவித்த சோறு. பரிமாறுகிற பையனைக் கூயா என்றும் பெண்ணை ஆதே என்றும் கூப்பிடுகிறார்கள். அண்ணா, அக்கா என்று நாம் மெஸ்ஸில் கூப்பிடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க் என்பது அவர்கள் வழக்கம். ஆனால் வாழையிலையைப் பரப்பி அதன் மேல் சோறும் மீனும் கறியும் கொட்டி, எல்லோரும் சுற்றி நின்று கையால் சாப்பிடுகிற விருந்தும் உண்டு. நாம் கை வைத்துப் பிசைந்தால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சோறு விஷயத்தில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. கூட்டுக்குச் சோறு என்று இல்லாமல், சோற்றுக்குக் கூட்டு என்று சாப்பிடுகிறவர்கள். காசு ஒரு முறை, சோறு எத்தனை முறை வேண்டுமானாலும் என்ற ஏற்பாடு அங்கே பெரிய உணவகச் சங்கிலிகளிலேயே இருக்கிறது. 2017-ல் சிந்தியா வில்லார் என்ற செனட்டர், இப்படி அளவில்லாமல் சோறு போடுவதை நிறுத்தினால் என்ன என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டார். சர்க்கரை நோய் பெருகுகிறதாம், அரிசி இறக்குமதி செய்ய வேண்டியிருக்கிறதாம். நாடே கொதித்தது. சட்டமெல்லாம் கொண்டுவரப் போவதில்லை என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நம் ஊரில் முழுச் சாப்பாட்டை அளவுச் சாப்பாடாக மாற்றச் சொல்லி ஒரு எம்.எல்.ஏ. பேசிப் பார்க்கட்டும், அப்போது தெரியும்.

இரவு மிஞ்சிய சோற்றுக்கு நாம் தண்ணீர் ஊற்றி வைப்போம். அவர்கள் ஊற்றுவதில்லை. காலையில் நிறையப் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெயில் வறுத்து, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்து வைத்து, பக்கத்தில் கறித்துண்டோ கருவாடோ வைத்தால் அதுதான் காலைச் சாப்பாடு. பழைய சோற்றுக்குப் பழகிய நாக்கு இதற்குச் சுலபமாகப் பழகிவிடும். முதல் முறை போகிறவர் காலையில் போவது நல்லது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

புளிப்பு அவர்களுடையது, உப்பு நம்முடையது

சினிகாங் என்ற புளிக்குழம்பில்தான் பிலிப்பைன்ஸ் சமையலின் உயிர் இருக்கிறது. வினிகரும் சோயாவும் ஊற்றி வேக வைக்கும் அடோபோதான் அந்த நாட்டின் அடையாளம் என்று உலகம் பேசிக்கொண்டிருந்தபோது, இல்லை, சினிகாங்தான் என்று வாதாடி எழுதியவர் டோரீன் ஃபெர்னாண்டஸ். 2002-ல் மறைந்த அவர், அந்த நாட்டு உணவு எழுத்தில் முதல் வரிசைக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வெக்கையான ஊரில், மரத்திலும் வேலியிலும் கிடைக்கிற புளிப்பைப் பறித்துப் போட்டு, கையில் இருக்கிற மீனையோ இறாலையோ கறியையோ வேக வைக்கிற சமையல் அது. புளியங்காயாக இருக்கலாம், மாங்காயாக இருக்கலாம், கொய்யாவாகவும் இருக்கலாம்.

நாம் பழுத்த புளியைக் கரைக்கிறோம், அவர்கள் பச்சைப் புளியங்காயை அவித்து மசிக்கிறார்கள். பள்ளிக்கூட நாட்களில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ற அந்தப் பச்சைப் புளிப்பு ஒரு கிண்ணம் நிறைய ஆவி பறக்க வந்து நிற்கும். உள்ளே முள்ளங்கி, வெண்டைக்காய், கத்தரிக்காய், நீளக் காராமணி, சேப்பங்கிழங்கு, கீரைத்தண்டு. காய்க்கடையில் நாம் வாங்குகிற அதே பட்டியல். பருப்பு இல்லை, சாம்பார்ப் பொடி இல்லை, தாளிப்பு இல்லை. கடுகு வெடிக்காத குழம்பைக் குழம்பென்று ஒப்புக்கொள்ள நம் மூக்கு தயங்கும். இரண்டு வாய் போன பிறகு தயக்கம் போய்விடும்.

கோழியை இஞ்சி போட்டுக் கொதிக்க வைத்து, பப்பாளிக்காயைச் சேர்த்து, இறக்குகிற நேரத்தில் முருங்கைக்கீரையை உருவிப் போடுவது தினோலா. காய்ச்சல் வந்தவருக்குக் கொடுப்பது. பாசிப்பயறை முருங்கைக்கீரையோடும் கருவாட்டோடும் குழைய வேக வைப்பது இன்னொன்று. கத்தோலிக்க நாடாகையால் வெள்ளிக்கிழமைகளில் கறியைத் தள்ளிவைக்கும் பழக்கத்தில் ஊன்றிப்போன சாப்பாடு. சேப்பங்கிழங்கின் இலையைத் தேங்காய்ப்பாலில் சுண்டச் சுண்ட வைப்பார்கள், பிஞ்சுப் பலாக்காயையும் அப்படியே. கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து, நசுக்கி, முட்டையில் தோய்த்துப் பொரிப்பார்கள். சுட்ட கத்தரிக்காயைக் கடைந்தே பழகிய நமக்கு இதில் ஒரு சின்னப் பொறாமை வரும்.

சரி, காரம்? அங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். தட்டில் வந்ததை அப்படியே வாயில் போட்டுவிட்டு, சப்பென்று இருக்கிறது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்தச் சமையலில் கடைசி உப்பும் புளிப்பும் காரமும் சமையல்காரர் போடுவதில்லை, சாப்பிடுகிறவர் போட்டுக்கொள்வது. மேசையில் இருக்கிற பாட்டில்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. ஒன்றில் மீன் சாறு, ஒன்றில் மிளகாயும் பூண்டும் ஊறிய வினிகர், ஒரு கிண்ணத்தில் கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை, கேட்டால் சின்னச் சின்னக் காந்தாரி மிளகாய். எல்லாவற்றையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் அவரவர் கைப்பக்குவத்துக்குக் கலந்து தொட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு சவ்சவான் என்று பெயர். சமைத்தவரும் சாப்பிடுகிறவரும் சேர்ந்துதான் ஒரு பண்டத்தை முடிக்கிறார்கள் என்கிற இந்த ஏற்பாட்டைப் பற்றியும் ஃபெர்னாண்டஸ் நிறைய எழுதியிருக்கிறார். நம் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் சமைத்தவர் முகம் வாடும், அங்கே வாடாது. காந்தாரி மிளகாய் நான்கைக் கேட்டு வாங்கி நசுக்கிவிட்டால் கள்ளக்குறிச்சிக் காரம் அங்கேயே கிடைக்கும், யாரும் தடுக்கப் போவதில்லை.

சென்னையிலிருந்து போன கப்பல்

இப்போது மல்லாட்டைக் குழம்புக்கு வருவோம். காரெ-காரெ என்பது அதன் பெயர். மாட்டு வாலும் குடலும் பல மணி நேரம் வெந்து, வறுத்து அரைத்த வேர்க்கடலையிலும் வறுத்துப் பொடித்த அரிசியிலும் கெட்டிப்பட்டு, சாப்பிரா விதையின் நிறத்தில் செம்மஞ்சளாக வரும். கூடவே வாழைப்பூ, கத்தரிக்காய், காராமணி, ஒரு கீரை. நம் மல்லாட்டைத் துவையலைத் தளரக் கரைத்துக் கொதிக்க வைத்தால் எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அப்படி. உப்பு ஏறக்குறைய இருக்காது. பக்கத்தில் ஒரு கரண்டி இறால் விழுது வைப்பார்கள், கருவாட்டு வாசனையின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வாய்க்கும் அதில் துளி தொட்டால்தான் குழம்புக்கு உயிர். தொடாமல் சாப்பிட்டவர்கள்தான் காரெ-காரெயைத் திட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

இந்தக் குழம்புக்கும் நமக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஏழாண்டுப் போரின் கடைசியில் ஸ்பெயின் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கியதும், ஸ்பெயின்காரர் கையில் இருந்த மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர் சென்னையில் படை திரட்டினார்கள். தளபதி வில்லியம் டிரேப்பர், கப்பல்களுக்குத் தலைவர் சாமுவேல் கார்னிஷ். கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்குக்குக் கொடுத்தது சுமார் 600 சிப்பாய்கள். 1762-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட இந்தக் கூட்டம், அக்டோபர் தொடக்கத்தில் மணிலாவைப் பிடித்தது. ஆள்வதற்கும் சென்னையிலிருந்தே ஆள் போனார். கம்பெனியின் டாசன் டிரேக் மணிலாவின் கவர்னராக உட்கார்ந்தார். 1764-ல் சமாதானப்படி ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியபோது, சிப்பாய்களில் ஒரு பகுதியினர் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயின்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே பெண் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வம்சம் இன்றும் அந்த ஊரில் பேசப்படுகிற விஷயம்.

அந்தச் சிப்பாய்கள் ஊர் நினைவில் ஒரு கறி வைக்கப் பார்த்தார்கள், கிடைத்த சாமானை வைத்துச் செய்ததில் காரெ-காரெ பிறந்தது என்கிறது அந்த நாட்டுச் செவிவழிக் கதை. எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. மிளகு, மல்லி, சீரகம் எதுவும் இல்லாமல், உப்பும் இல்லாமல், மெட்ராஸ் ராணுவச் சிப்பாய் ஒருவர் கறி வைத்தார் என்றால் எப்படி ஒப்புக்கொள்வது? சமையலுக்குப் பேர்போன பம்பாங்கா மாகாணம்தான் இதற்குத் தாய்வீடு என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கதை கட்டுக்கதையாகவே இருக்கட்டும். கப்பல் போனதும் சிப்பாய்கள் தங்கியதும் கட்டுக்கதை இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1761-ல்தான் நம் தியாகதுருகம் கோட்டை பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. புதுச்சேரி விழுந்ததும் அதே வருடம். தென்னாற்காடு முழுக்க சண்டையில் புழங்கிய அந்தக் காலத்தில், இங்கே சும்மா இருந்த படைக்கு அடுத்த வேலையாக வந்ததுதான் மணிலா.

வேர்க்கடலை அதற்கு முன்பே மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் அது. 1565 முதல் 1815 வரை, மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. போகும்போது சீனப் பட்டு, வரும்போது வெள்ளி. வெள்ளியோடு ஒட்டிக்கொண்டு செடிகளும் விதைகளும் வந்தன. மக்காச்சோளம், வேர்க்கடலை, மரவள்ளி, பப்பாளி, சீத்தா, சப்போட்டா என்று பட்டியல் நீளம். தென்னிந்தியாவுக்கு வேர்க்கடலை எந்த வழியாக வந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நம் ஊர்ப் பேச்சு மட்டும் சந்தேகமே இல்லாமல் மணிலாவைக் கைகாட்டிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு மணிலா மூட்டைகள் புதுச்சேரி வழியாகப் பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்துக்குப் போயின. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறின. பக்கத்துத் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வந்ததும் டி.எம்.வி. ரகங்கள் பிறந்ததும் அந்தப் பயிர் இங்கே ஊன்றிப்போனதால்தான்.

மலையில் விளைந்தது மேசைக்கு வருகிறது

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலையேறி வெள்ளிமலைப் பக்கம் போனால், சாமையும் தினையும் இருந்த கொல்லைகளில் இப்போது குச்சிக்கிழங்கு நிற்கிறது. மரவள்ளிதான். கல்வராயனில் மலையாளிப் பழங்குடியினர் மழையை நம்பிப் போடும் பணப்பயிர். பிடுங்கிய கிழங்கு லாரியேறிச் சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு இறங்கும். மேலே கிழங்கு அவித்துத் தின்கிற வீட்டுக்காரருக்கு அது எந்த ஊரில் எந்தக் கிண்ணத்தில் போய் விழுகிறதென்று தெரிய வேண்டிய அவசியமில்லை, விலை தெரிந்தால் போதும். அந்த விலைதான் அவர் கையில் இல்லை.

அந்த ஆலைகளில் தயாராகும் ஜவ்வரிசிக்கும் ஒரு கிழக்குக் கதை இருக்கிறது. உண்மையான சேகோ, சேகோப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து நமக்கு இறக்குமதியானது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அந்தப் பக்கத்தைப் பிடித்ததும் வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் வழியைப் பிடித்தார். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்ற வியாபாரிக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு போர்க்காலத் தட்டுப்பாட்டுக்குப் பிறந்த மாற்று, அப்படியே ஒரு வட்டாரத்தின் தொழிலாக நின்றுவிட்டது. பிலிப்பைன்ஸிலும் மிந்தனாவ் தீவில் சேகோப் பனை இருக்கிறது, அதன் மாவைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடையில் சேகோ என்று போடுகிற முத்து பெரும்பாலும் மரவள்ளி முத்துதான். வெல்லப்பாகும் ஐஸும் ஜவ்வரிசியும் கடல்பாசித் துண்டும் போட்ட ஒரு குளிர்பானம் எல்லாக் கடையிலும் உண்டு. நாம் பாயசத்தில் போடுகிற பண்டத்தை அவர்கள் தாகத்துக்குக் குடிக்கிறார்கள்.

கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பாலும் கெட்டிப் பாலும் சேர்த்துச் சுட்ட ஒரு கேக் இருக்கிறது. மேல் தோல் கருகினாற்போல இருக்கும், உள்ளே பிசுபிசுப்பு. கள்ளக்குறிச்சி பேக்கரிகளில் ஒருவராவது இதைச் செய்து பார்த்திருக்கலாம். மூலப்பொருள் வாசலில் கிடக்கிறது. தேங்காய் பன்னுக்கும் டீ கேக்குக்கும் நடுவில் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

மக்காச்சோளத்திலும் இப்படித்தான். நம் மாவட்டத்தில் ஏக்கர் ஏக்கராக விளைகிறது, விளைந்ததும் கோழித்தீவனத்துக்குப் போகிறது. பிலிப்பைன்ஸின் செபூ பக்கத்தில் வெள்ளை மக்காச்சோளத்தை ரவையாக உடைத்துச் சோறாகவே வடிக்கிறார்கள். செபூக்காரர் நடத்தும் கடையாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். கொடுக்காப்புளியைக் கேட்க வேண்டியதே இல்லை. வேலியோரத்தில் அங்கேயும் அதே சிவந்த சுருள், அதே வெள்ளைச் சதை, அதே தொண்டையடைப்பு. மெக்சிகோவிலிருந்து அதே கப்பலில் வந்த மரம். ஆங்கிலத்தில் அதற்கு மணிலாப் புளி என்றே பெயர்.

தட்டில் இருக்கும் சோற்றுக்கு வருவோம். மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் 1960-ல் தொடங்கியது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். ஐ.ஆர். என்று நம் விவசாயிகள் சொல்லும் நெல்லெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். 1966-ல் ஐ.ஆர். 8 வந்தபோது, அதன் விளைச்சலில் மகிழ்ந்துபோன தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் தன் பிள்ளைக்கே ஐஆர்எட்டு என்று பெயர் வைத்தார். 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் எம்.எஸ். சுவாமிநாதன். இதெல்லாம் அங்கிருந்து இங்கே வந்த கதை. இங்கிருந்து அங்கே போனதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1969-ல் வந்த ஐ.ஆர். 20-க்கு ஒரு பெற்றோர் டி.கே.எம். 6, நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதிலிருந்து போனது. அந்த டி.கே.எம். 6-க்கு ஒரு பெற்றோர், கோயம்புத்தூரில் 1921-ல் வந்த ஜி.இ.பி. 24. பின்னால் ஆசியா முழுக்க கோடிக்கணக்கான ஏக்கரில் நின்ற ஐ.ஆர். 36-லும் திரூர்குப்பத்து ரத்தம் ஓடுகிறது. பிலிப்பைன்ஸ்காரர் ஒரு தலைமுறை முழுக்கச் சாப்பிட்ட சோற்றில் நம் நெல்லின் பங்கு இருந்தது. காரெ-காரெக்குச் சிப்பாய் கதை சொல்லத் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு கதையும் சொல்வதில்லை. இதற்கு ஆவணம் இருப்பதாலோ என்னவோ.

என்ன கேட்பது, எதை விடுவது

பன்றிக்கறி இல்லாத பிலிப்பினோ கடை உண்டா என்றால், உண்டு. வளைகுடாவில் ஹலால் கடைகளாகவே நிறைய இருக்கின்றன. அங்கே பன்றி முகத்தை நறுக்கிச் சூட்டுத்தட்டில் பொரிக்கும் சிசிக் கூடக் கோழியில் வரும். மாட்டுக்கறி சாப்பிடாதவர் காரெ-காரெயைக் கடல் உணவில் கேட்கலாம், காய்கறி மட்டும் போட்டும் கொடுப்பார்கள். சுத்த சைவத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். வெறும் காய்ப் பொரியல் போலத் தெரிவதிலும் இறால் விழுது கலந்திருக்கும். பாகற்காய், பூசணி, வெண்டை போட்ட பினக்பெட்டைப் பார்த்து மயங்கி ஒரு கரண்டி வாங்கிவிடக் கூடாது, கேட்டுவிட்டு வாங்க வேண்டும். தேங்காய்ப்பால் இனிப்புகள் பக்கம் போனால் பிரச்சினை இல்லை. வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசி, ஆவியில் வெந்த அரிசி மாவுப் பண்டங்கள் எல்லாம் உண்டு. நெய் வாசனையை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

தினுகுவான் என்ற கறுப்புக் குழம்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. பன்றி ரத்தத்தில் வினிகர் ஊற்றிச் செய்வது. சாப்பிட வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், சுளிப்பதற்கு மட்டும் நமக்கு உரிமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு ரத்தத்தைத் தூக்குவாளியில் வாங்கிவந்து, வெங்காயம் போட்டுப் பொரித்துச் சாப்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம். பாதி வளர்ந்த குஞ்சோடு அவித்த வாத்து முட்டை வேறு விஷயம். அதை நானும் தாண்டவில்லை.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு, அவர்கள் ஸ்பகெட்டி. சர்க்கரைப் பாகு போலத் தித்திக்கும். போர்க்காலத் தக்காளித் தட்டுப்பாட்டில் புகழ்பெற்ற வாழைப்பழ கெச்சப்பை அதில் ஊற்றுகிறார்கள். அந்தக் கெச்சப்பைக் கண்டுபிடித்த மரியா ஒரோசா பெரிய உணவு விஞ்ஞானி, 1945 மணிலாப் போரில் குண்டடிபட்டு இறந்தவர். அவர் மீது எனக்கு மரியாதைதான், ஸ்பகெட்டி மீதுதான் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், பிள்ளைகளுக்கு அது பிடித்துவிடும்.

முதல் தடவைக்கு ஒரு கிண்ணம் இறால் சினிகாங், ஒரு காரெ-காரெ, சோறு, காந்தாரி மிளகாய் நான்கு போதும். இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டால் நல்லது, கிண்ணம் பெரிது. முடித்துவிட்டு ஹாலோ-ஹாலோ கேளுங்கள். உயரமான கண்ணாடியில் அடியில் இனிப்புப் பயறு, பலாச்சுளை, ஜவ்வரிசி, கடல்பாசி. மேலே துருவிய ஐஸ், பால், ஊதா நிற வள்ளிக்கிழங்குக் களி, ஒரு துண்டு முட்டைப் புட்டிங். அடுக்கு கலையக் கூடாதென்று மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தின்பது புதியவர்களின் வழக்கம். அடி வரை ஸ்பூனை விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். கலக்காமல் உட்கார்ந்திருந்தால் பரிமாறுகிற ஆதே பொறுக்க மாட்டார். வந்து, ஸ்பூனை வாங்கி, அவரே கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த மேசைக்குப் போவார்.